உங்கள் லயத்துக்கு எந்த சிம்? மலையகத்தில் ‘கவரேஜ்’ பார்த்து வாங்குவது எப்படி

கொழும்பில் ஒருவர் சிம் அட்டை வாங்கும்போது எத்தனை ஜிபி டேட்டா, எத்தனை நாள் செல்லுபடியாகும், என்ன விலை என்று பார்க்கிறார். மஸ்கெலியாவிலோ அக்கரப்பத்தனையிலோ தோட்டத்தில் வாழ்பவர் அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: என் காம்பராவுக்குள் போன் மணி அடிக்குமா?

சிறிய கேள்விதான். ஆனால் மலையகத்தில் அதன் கனம் பெரிது. லயன் வீடுகளில் வாழும் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தனியான வீட்டு முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வருகின்றன. தோட்ட அலுவலகத்திலோ, கடையிலோ, கோயிலிலோ கிடந்து யாராவது கொண்டுவந்து தரும்போது கையில் கிடைக்கின்றன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, திகதி முடிந்த பின்னர் கிடைத்த கதைகள் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. இந்த நிலையில், ஒரு தொழிலாளியின் பெயரில் அவரை நேரடியாகச் சென்றடையும் ஒரே முகவரி அவருடைய தொலைபேசி இலக்கம்தான். வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கம், அஸ்வெசும தொடர்பான தகவல், கொழும்பில் வேலை செய்யும் மகளின் அழைப்பு, மத்திய கிழக்கிலிருந்து மனைவி அனுப்பும் குரல் பதிவு எல்லாம் அந்த இலக்கத்துக்குத்தான் வருகின்றன.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி வந்தபோது இதை நாடே கண்டது. 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்த அனர்த்தத்தில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. மண்சரிவுகளால் வீதிகள் மூடுண்டன, மின்சாரம் போனது, தொலைபேசிகளும் மௌனமாகின. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்த பிள்ளைகள், பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என்று தெரியாமல் காத்திருந்தார்கள்.

வடக்கில் யுத்தத்துக்குள் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பை விளக்க வேண்டியதில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர், ஒரு குரலைக் கேட்பதற்காக வாரக்கணக்கில் ஏங்கிய வீடுகள் எத்தனையோ. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் சென்று குடியேறிய குடும்பங்கள் இன்றும் இரண்டு பக்கமும் உறவுகளை வைத்துக்கொண்டு வாழ்கின்றன. அவர்களுக்கு இரண்டு காத்திருப்பும் தெரியும். அங்கு இருந்த தொடர்பு துண்டிக்கப்பட்டது. இங்கே பல தோட்டங்களுக்குத் தொடர்பு சரியாக வந்து சேரவே இல்லை.

மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

கையடக்கத் தொலைபேசி ஒரு வானொலிக் கருவி. அது கோபுரத்தோடு வானலை மூலம் பேசுகிறது. அந்த அலை பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்லும். நடுவில் ஒரு மலைமுகடு வந்தால் அதன் மறுபக்கத்தில் நிழல் விழும். அதனால்தான் ஒரே தோட்டத்தில் மேல் டிவிஷனில் நான்கு கோடு காட்டும் போன், ஓடைக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ் டிவிஷனில் ஒன்றுமே காட்டாமல் இருக்கிறது. இடைத் தூரம் ஒரு கிலோமீற்றர்கூட இராது.

அலைவரிசையும் ஒரு காரணம். 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 1800, 2100 போன்ற உயர்ந்த அலைவரிசைகள் வேகமான இணையத்தைத் தரலாம், ஆனால் சீக்கிரம் தளர்ந்துவிடும். “பேசலாம், ஆனா வாட்ஸ்அப் போகாது” என்று தோட்டங்களில் சொல்வதற்கு இது ஒரு காரணம்: பழைய 2ஜி அலை வந்து சேர்கிறது, 4ஜி அலை வழியிலேயே நின்றுவிடுகிறது.

மூன்றாவது காரணம் நம் தலைக்கு மேலே இருக்கிறது. லயன்களின் தகரக் கூரை வானலையைத் திருப்பி அனுப்பிவிடும். கல் சுவரும் தகரக் கூரையும் சிறிய ஒற்றை ஜன்னலும் உள்ள காம்பராவுக்குள் சிக்னல் இல்லாமல், இஸ்தோப்புக்கு வந்தால் கிடைப்பது இதனால்தான்.

இவற்றோடு பணக் கணக்கும் சேர்கிறது. ஒரு கோபுரம் அமைக்க நிலம், வீதி, மின்சாரம் மூன்றும் வேண்டும். அந்தச் செலவை ஈடுசெய்யும் வாடிக்கையாளர்களும் வேண்டும். எனவே கோபுரங்கள் ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா போன்ற நகரங்களையும் ஏ-7 வீதியையும் ஒட்டியே அதிகம் எழுகின்றன. தோட்டக் காணியோ 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகையில் இருக்கிறது. அங்கு வசிப்பவர் விரும்பினாலும் ஒரு பேர்ச் நிலத்தைக் கோபுரத்துக்குக் கொடுக்க முடியாது, ஏனெனில் அது அவருடையதல்ல.

மூன்று கம்பனிகள்

ஒரு காலத்தில் ஐந்து கையடக்கத் தொலைபேசி நிறுவனங்கள் இருந்தன. எடிசலாட்டின் இலங்கைச் சேவையை 2018இல் ஹட்ச் வாங்கியது. எயார்டெல் லங்காவை 2024இல் டயலொக் வாங்கியது. இப்போது டயலொக், எஸ்.எல்.ரி-மொபிடெல், ஹட்ச் என மூன்றே எஞ்சியுள்ளன. 077, 076, 074 என்பவை டயலொக்கின் இலக்கங்கள். 071, 070 மொபிடெல். 078, 072 ஹட்ச். 075 எயார்டெல்லாக இருந்து டயலொக்கின் கைக்கு வந்தது.

இவற்றில் எது மலையகத்துக்கு நல்லது? ஒட்டுமொத்த மலையகத்துக்கும் ஒரே பதில் சொல்பவர்களை நம்ப வேண்டாம். பொகவந்தலாவயில் ஒரு தோட்டத்துக்குச் சரியாக இருப்பது, அடுத்த மலையில் பயனில்லாமல் போகலாம். கம்பனிகள் வெளியிடும் கவரேஜ் வரைபடங்களும் கணினிக் கணிப்பை வைத்து வரையப்படுபவை. உங்கள் தகரக் கூரை அந்தக் கணக்கில் இல்லை. கடைக்காரர் எந்தக் கம்பனிக்கு முகவரோ அதையே புகழ்வார். ஆகவே நாமே சோதித்துப் பார்ப்பதுதான் வழி. அதற்குப் பெரிய செலவு இல்லை.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவது, போனிலேயே தேடிப் பாருங்கள். ஸ்மார்ட் போனின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் மொபைல் நெட்வேர்க் என்ற இடத்துக்குச் சென்று, தானாகத் தெரிவு செய்வதை நிறுத்தினால், போன் சுற்றியுள்ள எல்லாக் கம்பனிகளையும் தேடும். ஓரிரு நிமிடங்களில் பட்டியல் வரும். அந்த இடத்தில் எந்தெந்தக் கம்பனிகளின் அலை வந்து விழுகிறது என்பதை, புதிய சிம் வாங்காமலே அறிந்துகொள்ளலாம். பல போன்களில் 2ஜி, 4ஜி என்ற குறிப்பும் பெயரோடு வரும். பார்த்து முடிந்ததும் மீண்டும் ‘ஓட்டோமெட்டிக்’ நிலைக்கு மாற்ற மறக்க வேண்டாம்.

இரண்டாவது, கோடுகளை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். சிக்னல் கோடுகளை ஒவ்வொரு போன் கம்பனியும் தன் விருப்பப்படி வரைகிறது. போனைப் பற்றிய விபரங்களில் ‘சிம் ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் டிபிஎம் என்ற அளவில் ஓர் எண் இருக்கும். அது எப்போதும் கழித்தல் குறியோடு வரும். பூச்சியத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. 4ஜியில் -90 என்றால் நல்ல சிக்னல். -105 அளவில் ஒருவாறு சமாளிக்கலாம். -115ஐத் தாண்டினால் அழைப்பு அறுந்து அறுந்துதான் வரும்.

மூன்றாவது, மூன்று இடங்களில் பாருங்கள்: இரவில் படுக்கும் காம்பரா, கொழுந்து பறிக்கும் மலை, பிள்ளை படிக்க உட்காரும் இடம். கொவிட் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகள் பாறைகளிலும் மரங்களிலும் ஏறிப் பாடம் கேட்டார்கள். பதுளை மாவட்டத்தில் அவ்வாறு மலையேறிய பிள்ளைகளின் படங்கள் உலக ஊடகங்களிலும் வந்தன. பாறை மேல் கிடைக்கும் சிக்னலை வைத்து சிம் வாங்கினால், அடுத்த முறையும் பிள்ளை பாறைக்குத்தான் ஏற வேண்டும்.

நான்காவது, மூன்று நேரங்களில் பாருங்கள். அதிகாலையில் நன்றாக ஓடும் இணையம் இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் தடுமாறினால், அந்தக் கோபுரத்தில் ஆட்கள் அதிகம் என்று அர்த்தம். மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் இருப்பவர்கள் டிசம்பர் முதல் மே வரையான சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில், ஒரு வார இறுதியிலும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஐந்தாவது, பக்கத்து வீட்டுப் போனைக் கேளுங்கள். ஒரே லயத்தில் மூன்று கம்பனி சிம்களும் நிச்சயம் இருக்கும். மூன்றையும் ஒரே போனில் மாறி மாறிப் போட்டு, ஒரே இடத்தில் நின்று ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள். இதைவிட நம்பகமான கவரேஜ் வரைபடம் கிடையாது.

போனையும் கவனியுங்கள். 3ஜி சேவையை நிறுவனங்கள் படிப்படியாகக் கைவிட்டு வருகின்றன. 4ஜி வழியாகவே குரல் அழைப்பு எடுக்கக்கூடிய போனாக இருந்தால்தான் எதிர்காலத்தில் சிக்கல் வராது. 2025 ஜனவரி முதல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவில் பதியப்படாத புதிய போன்களை வலையமைப்பில் இணைப்பதற்குக் கட்டுப்பாடு வந்துள்ளது. கடையில் பணம் கொடுப்பதற்கு முன், பெட்டியில் உள்ள 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ எண்ணை, முன்னால் ஐ.எம்.ஈ.ஐ என்ற ஆங்கில எழுத்துகளையும் ஓர் இடைவெளியையும் இட்டு, 1909க்கு குறுந்தகவலாக அனுப்பிச் சரிபார்க்கலாம்.

இரண்டு சிம், ஒரு பெயர்

நாளாந்த அடிப்படைச் சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாவானது. அந்த வருமானத்தில் இரண்டு சிம்முக்கும் பக்கேஜ் போடுவது வீண் செலவு போலத் தெரியும். ஆனால் வீட்டில் இருக்கும் எல்லாப் போன்களும் ஒரே கம்பனியாக இருந்தால், அந்த ஒரு கோபுரம் விழும் நாளில் முழு வீடும் தொடர்பிழக்கும். அப்பா ஒரு கம்பனி, அம்மா இன்னொரு கம்பனி என்று பிரித்து வைத்துக்கொள்வதற்கு மேலதிகச் செலவு இல்லை. இரட்டை சிம் போன் என்றால், இரண்டாவது சிம்மை உள்வரும் அழைப்புக்காக மட்டும் வைத்திருக்கலாம். அது செயலிழக்காமல் இருக்க, கம்பனி சொல்லும் காலத்துக்குள் ஒரு சிறிய ரீலோட் போட்டால் போதும்.

சிம் யாருடைய பெயரில் பதியப்பட்டிருக்கிறது என்பது அதைவிட முக்கியம். அடையாள அட்டை கைவசம் இல்லாத காலத்தில் கடைக்காரர் பெயரிலோ உறவினர் பெயரிலோ எடுத்த சிம்களைப் பலர் இன்னும் பாவிக்கிறார்கள். போன் தொலைந்தால் அதே இலக்கத்தை மீண்டும் எடுக்க, பதிவில் உள்ளவர்தான் வர வேண்டும். வங்கிக் கணக்கோடு இணைத்த இலக்கம் இன்னொருவர் பெயரில் இருப்பது, வீட்டுச் சாவியை அடுத்தவரிடம் கொடுத்து வைப்பது போலத்தான். அடையாள அட்டையோடு கம்பனியின் சேவை நிலையத்துக்குச் சென்று பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

மழை நாளுக்கு

மின்சாரம் போனால் கோபுரங்கள் பற்றரியில் ஓடும். பல கோபுரங்களுக்கு அது சில மணித்தியாலங்களே தாங்கும். ஆகவே கடும் மழை எச்சரிக்கை வந்தவுடனேயே போனை முழுமையாகச் சார்ஜ் செய்து, உறவினருக்கு எங்கே இருக்கிறோம், எங்கே போகப்போகிறோம் என்று குறுந்தகவல் அனுப்பிவிட வேண்டும். சிக்னல் பலவீனமான நேரத்தில் அழைப்பு போகாவிட்டாலும் சாதாரண குறுந்தகவல் பல வேளைகளில் போய்ச் சேரும்.

திரையில் ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று ஆங்கிலத்தில் தெரிந்தால், அநேகமாக உங்கள் கம்பனி அங்கு இல்லை, ஆனால் வேறொரு கம்பனியின் அலை இருக்கிறது என்று அர்த்தம். சாதாரண அழைப்பு போகாது. ஆனாலும் சர்வதேச அவசர இலக்கமான 112ஐ அழுத்தினால் போன் அந்த மற்றக் கோபுரத்தின் வழியாக முயலும். பொலிஸ் 119, அம்பியூலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117 என்பவற்றைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்குங்கள்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலை ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஓர் அலுவலகத்துக்கு வருவதும், அது லயத்தில் தூங்கும் மனிதரின் காதுக்கு வருவதும் வேறு வேறு. அந்த இடைவெளியைக் குறைக்கக்கூடிய கருவிகளில் ஒன்று சிக்னல் உள்ள போன்.

கேட்டுப் பெற வேண்டியது

மூன்று கம்பனிகளும் எட்டாத டிவிஷன்களில் எந்த சிம் வாங்கியும் பயனில்லை. அங்கு தேவைப்படுவது கோபுரம். கவரேஜ் இல்லாத கிராமங்களுக்காக, கம்பனிகள் பகிர்ந்து பாவிக்கும் கோபுரங்களை அமைக்கும் ‘கமட்ட சன்னிவேதனய’ என்ற திட்டத்தை ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு முன்னெடுத்தது. அதில் உங்கள் தோட்டம் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம். முறைப்பாடுகளுக்கு 1900 என்ற இலக்கம் உண்டு.

“எங்கள் பக்கம் சிக்னல் இல்லை” என்று மட்டும் எழுதினால் அந்தக் கடிதம் கோப்பில் தூங்கிவிடும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், குடும்பங்களின் எண்ணிக்கை, மேலே சொன்னபடி அளந்த மூன்று கம்பனிகளின் டிபிஎம் எண்கள், அளந்த திகதி, நேரம் ஆகியவற்றை அட்டவணையாக இட்டு, ஐம்பது கையொப்பங்களோடு அனுப்பினால் பதில் சொல்லாமல் இருப்பது கடினம். பிரதி ஒன்றைப் பிரதேச சபை உறுப்பினருக்கும், இன்னொன்றைத் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுங்கள்; காணி அனுமதி அவர்கள் கையில்தான் இருக்கிறது. பிள்ளைகளில் ஒருவருக்கு ஒரு போனும் ஒரு கொப்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கிடைத்தால், அந்த அட்டவணை தயார்.