மராமத்தை நிறுத்தும் மாத்திரை!

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கயிற்றைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு புரிகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு.

ஒரு புரி அறுந்தால் ஒன்றும் ஆகாது. மற்றொரு புரி தாங்கும். வீட்டில் யாராவது கவனித்து, அறுந்த இடத்தைச் சேர்த்துக் கட்டி விடுவார்கள். கவனிக்காமல் விட்டால்? அடுத்த புரியும் அறும். வாளி கிணற்றோடு போகும்!

நம் உடம்புக்குள்ளும் இப்படி ஓர் இரட்டைப் புரிக் கயிறு இருக்கிறது. அதன் பெயர் 'டி.என்.ஏ.'

நம் உடல் கோடிக் கணக்கான உயிரணுக்களால் ஆனது. அநேகமாக ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் இந்தக் கயிறு 46 துண்டுகளாகச் சுருண்டு கிடக்கிறது. அத்தனையையும் பிரித்து நீட்டினால் சுமார் 2 மீட்டர் நீளம் வரும். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குள் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் கயிறு!

உடம்பு எப்படி வளர வேண்டும், எப்படி வேலை செய்ய வேண்டும் என்ற விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு விவரமும் அடங்கிய பகுதிக்கு 'ஜீன்' என்று பெயர்.

தினமும் அறும் கயிறு

வெயில், புகை, ஏன், நாம் இழுக்கும் மூச்சுக்காற்றுகூட இந்தக் கயிற்றைச் சேதப்படுத்துகிறது. ஓர் உயிரணுவில் ஒரே நாளில் ஆயிரக் கணக்கான சேதங்கள் ஏற்படுகின்றன.

அப்படியானால் நாம் எப்படி உயிரோடு இருக்கிறோம்?

உடம்பிலேயே மராமத்து இலாகா இருக்கிறது. இரவு பகல் ஓயாமல் வேலை செய்கிறது. அந்த வேலைக்காரர்களுக்கு 'என்ஸைம்' என்று பெயர். சோற்றை மென்று கொண்டே இருந்தால் இனிக்கிறது அல்லவா? எச்சிலில் உள்ள ஓர் என்ஸைம் செய்யும் வேலை அது. இதைப் போலப் பல என்ஸைம்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

அவற்றில் ஒன்றின் பெயர் 'பார்ப்'. இதைக் காவல்காரன் என்று சொல்லலாம். ஒரு புரி அறுந்த இடத்தில் போய் உட்காரும். விசில் ஊதுவது போல மற்ற மராமத்துக்காரர்களைக் கூப்பிடும். அவர்கள் வந்ததும் விலகிக் கொள்ளும்.

1963-ல் பிரான்ஸ் நாட்டில், ஸ்ட்ராஸ்பர்க் நகரில், பியர் ஷாம்போன், பால் மாண்டெல் முதலியவர்கள் இந்த என்ஸைமின் வேலையை முதன் முதலாகக் கவனித்தார்கள். இதைத் தடுத்தால் சேதமான டி.என்.ஏ.யைச் சரி செய்வது கெடுகிறது என்று 1980-ல் இங்கிலாந்தில் சிட்னி ஷால் என்பவரும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள்.

உடனே ஒரு யோசனை பிறந்தது. புற்று நோய் மருந்துகளில் பல, டி.என்.ஏ.யை அறுத்துத்தான் நோயைக் கொல்கின்றன. கூடவே பார்ப்பையும் தடுத்தால் மருந்தின் வேகம் கூடும் அல்லவா?

கூடியது. ஆனால் நல்ல உயிரணுக்களுக்கும் சேர்த்து அடி விழுந்தது! இதனால் இந்த ஆராய்ச்சி வெகு காலம் நொண்டிக் கொண்டே நடந்தது.

பாட்டி, தாய், மகள்

இதற்கிடையே வேறோர் இடத்தில் வேறொரு கதை.

சில குடும்பங்களில் பாட்டிக்கு மார்பில் புற்று நோய் வரும். பிறகு பெரியம்மாவுக்கு. பிறகு தாய்க்கு. நாற்பது வயதுக்குள் மகளுக்கும் வந்து விடும். சில சமயம் மார்பில் வராமல் சினைப்பையில் வரும். பெண்களுக்குக் கரு முட்டை உண்டாகும் இடம் அது. அங்கே வரும் புற்று நோய் சீக்கிரம் வெளியே தெரிவதில்லை. வயிறு உப்புசம் என்று டாக்டரிடம் போகும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும்.

இது பரம்பரைக் கோளாறுதான் என்று அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மேரி கிளேர் கிங் உறுதியாக நம்பினார். பலர் ஏற்கவில்லை. 1990-ல் அவர் அந்த ஜீன் இருக்கும் இடத்தைக் காட்டினார். 'பிராக்கா 1' என்று அதற்குப் பெயர். சில ஆண்டுகளில் 'பிராக்கா 2' என்ற மற்றொன்றும் அகப்பட்டது.

இவை எதற்காக இருக்கின்றன தெரியுமா? மராமத்துக்குத்தான்! பார்ப் கவனிப்பது ஒரு புரி அறுந்தால். பிராக்கா கவனிப்பது இரண்டு புரியும் அறுந்தால்.

பிராக்கா 1 பழுதாகப் பிறந்த பெண்கள் 100 பேரில் சுமார் 72 பேருக்கு 80 வயதுக்குள் மார்புப் புற்று நோய் வருவதாக 2017-ல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. சினைப்பைப் புற்று நோய் 44 பேருக்கு.

புற்றின் பலவீனம்

2005-ல் இரண்டு கதைகளும் ஒன்று சேர்ந்தன. இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரில் தாமஸ் ஹெல்லடே, லண்டனில் ஆலன் ஆஷ்வொர்த். இந்த இருவரின் கோஷ்டியும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. ஒரே பத்திரிகையில், ஒரே இதழில் எழுதின.

விஷயம் இதுதான். பிராக்கா ஜீன் நமக்கு இரண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது வேலை பார்க்கும். ஆனால் அந்தப் பெண்ணின் உடம்பில் ஏதோ ஓர் உயிரணுவில் நல்ல பிராக்காவும் கெட்டு விடுகிறது. அங்கேதான் புற்று நோய் முளைக்கிறது.

ஆகவே புற்று அணுவில் பிராக்கா கிடையாது. பார்ப்தான் அதற்குத் துணை.

அந்தப் பார்ப்பையும் தடுத்தால்? ஒரு புரி அறுந்த இடங்கள் அப்படியே நிற்கும். உயிரணு இரண்டாகப் பெருகும்போது அவை இரண்டு புரியும் அறுந்த இடங்களாகும். சேர்க்க ஆள் இல்லை. புற்று அணு செத்து விழும்! உடம்பின் மற்ற அணுக்களில் நல்ல பிராக்கா ஒன்று இருப்பதால் அவை பிழைத்துக் கொள்ளும்.

புற்று நோயை உண்டாக்கிய குறையே அதற்கு எமனாகிறது. பழ ஈக்களில் இப்படி ஒரு விசித்திரத்தை 1922-லேயே பார்த்திருக்கிறார்கள். ஒரு ஜீனில் குறை இருந்தால் ஈ பிழைக்கும். வேறொரு ஜீனில் குறை இருந்தாலும் பிழைக்கும். இரண்டும் சேர்ந்தால் சாகும். அந்த ஈ மனிதனுக்கு உதவ 83 வருஷம் ஆயிற்று!

கைவிட்ட மருந்து

ஸ்டீவ் ஜாக்சன் என்ற விஞ்ஞானி கேம்பிரிட்ஜில் 'கூடாஸ்' என்ற சிறிய கம்பெனி தொடங்கியிருந்தார். அங்கே உருவானதுதான் 'ஒலாபரிப்'. பார்ப் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் வைட்டமின் சம்பந்தமான ஒரு பொருளைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு, அதன் வாயில் போய் அடைத்துக் கொள்ளும் சிறு ரசாயனப் பொருள் இது. அதோடு விடுவதில்லை. அறுந்த இடத்திலேயே பார்ப்பைச் சிக்க வைத்து விடுகிறது.

முதல் சோதனையில் 60 நோயாளிகள் சேர்ந்தார்கள். அவர்களில் பிராக்கா பழுதானவர்கள் 22 பேர். கட்டி சுருங்கியது பிராக்கா பழுதானவர்களுக்கு மட்டும்தான். 2009-ல் இது வெளியானதும் டாக்டர்களிடையே பெரிய நம்பிக்கை.

அப்புறம் வந்தது 2011. கெட்ட வருஷம்.

'இனிபரிப்' என்ற வேறொரு மருந்து பெரிய சோதனையில் தோற்றது. பார்ப்பைத் தடுக்கும் மருந்து என்று சொல்லி வந்ததால் பார்ப்பின் பேரே கெட்டது. பிறகு பார்த்தால் அது பார்ப்பைச் சரியாகத் தடுக்கவே இல்லை! யாரோ செய்த தப்புக்கு யாரோ அடி வாங்கிய கதை.

ஒலாபரிப்பை 265 பெண்களிடம் சோதித்திருந்தார்கள். எல்லாருக்கும் சினைப்பைப் புற்று நோய். மாத்திரை நோயைச் சில மாதம் தள்ளிப் போட்டது. ஆனால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. கூடாஸை வாங்கியிருந்த 'ஆஸ்ட்ரா ஜெனிகா' கம்பெனி, 2011 டிசம்பரில் இதை மேலே கொண்டு போகப் போவதில்லை என்று அறிவித்தது.

என்ன கோளாறு? பிராக்கா பழுதானவர்களையும் மற்றவர்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்ததுதான். பசித்தவனுக்கும் பசியில்லாதவனுக்கும் சோறு போட்டு, சோற்றின் குணத்தை எடை போட முடியுமா?

சில டாக்டர்கள் விடவில்லை. அந்தப் பெண்களின் ஜீன்களைப் பரிசோதித்துக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். பிராக்கா பழுதானவர்களில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு நாலு மாதத்துக்குச் சற்று மேல் ஆவதற்குள் நோய் முற்றியிருந்தது. ஒலாபரிப் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 11 மாதத்தைத் தாண்டியிருந்தார்கள்!

கிடப்பில் கிடந்த மருந்து 2013-ல் எழுந்தது. 2014 டிசம்பரில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அனுமதி தந்தன. அப்போது வேளைக்கு எட்டுக் கூடு மருந்து, தினம் 16 விழுங்க வேண்டும். பிறகுதான் வேளைக்கு இரண்டு மாத்திரை என்று ஆயிற்று.

2018-ல் மற்றொரு சோதனையின் முடிவு வந்தது. 391 பெண்கள். நோய் முற்றியிருந்து, முதல் சிகிச்சையில் அடங்கியவர்கள். மூன்றாண்டு கழித்தும் நோய் தலை தூக்காமல் இருந்தவர்கள், மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 60 பேர். சாப்பிடாதவர்களில் 27 பேர். ஏழாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 67 சத விகிதம். மற்றவர்களில் 46.5 சத விகிதம்.

தந்திரக்கார நோய்

இது சர்வ ரோக நிவாரணி அல்ல. ரத்த சோகை, குமட்டல், அசதி வரும். அபூர்வமாக ரத்தப் புற்று நோயும் வரலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும்.

நோயும் சும்மா இருப்பதில்லை. சிலரின் புற்று அணுக்கள் தங்கள் பழுதான பிராக்காவையே திருத்திக் கொள்கின்றன! அப்புறம் மாத்திரை பலிக்காது. இதை 2008-லேயே கண்டார்கள்.

மருந்து யாருக்குப் பலிக்கும் என்று அறிய ஜீன் பரிசோதனை வேண்டும். தாய்க்குப் பழுது என்று தெரிந்தால், மகளுக்கு இருக்குமோ என்ற கேள்வி உடனே வரும். பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகனுக்கும் அதே கணக்குத்தான். பல வீடுகளில் ஆண் பிள்ளைகளை யாரும் நினைப்பதே இல்லை. ஆனால் பிராக்கா பழுதான ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பியில் புற்று நோய் வரும் ஆபத்து அதிகம். நோய் முற்றிய அத்தகைய ஆண்களுக்கும் ஒலாபரிப் கொடுக்க 2020 மே மாதத்தில் அமெரிக்கா அனுமதித்தது.