பென் டிரைவுக்குள்ளே ஒரு டைப்பிஸ்ட்!

போன மார்ச்சில் ஒரு முதலீட்டு செமினாருக்குப் போயிருந்தேன். முதலீடு செய்ய என்னிடம் ஒன்றுமில்லை. போண்டா பிரமாதமாக இருக்கும் என்று கேள்வி. இருந்தது. கிளம்பும்போது வாசலில் ஒரு பெண் கல்யாணப் பத்திரிகை சைஸில் கெட்டி அட்டை ஒன்றைக் கொடுத்தார். ஓரத்தை மடித்தால் நாக்கு மாதிரி ஒரு யூ.எஸ்.பி. முனை. 'கம்ப்யூட்டரில் செருகவும்' என்று அம்புக்குறி வேறு.

வீட்டுக்கு வந்ததும் செருகினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன் ஸார், கீபோர்டில் கையே வைக்கவில்லை. ஒரு கையில் காபி டம்ளர், மறு கையில் பேப்பர். திரையின் மூலையில் 'ரன்' என்கிற குட்டிப் பெட்டி தானாகத் திறந்தது. அதில் எழுத்துகள் கடகடவென்று விழுந்தன. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின பேய் ஒன்று உள்ளே உட்கார்ந்து அடித்த மாதிரி! அடுத்த நொடி கம்பெனியின் விளம்பரப் பக்கம் விரிந்து, பட்டு வேட்டியில் ஒருவர் என்னைக் கும்பிட்டார்.

எனக்கு ஒரே குஷி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழனுக்கு உடனே போன் போட்டுப் பெருமையடித்தேன்.

"டேய், அதைப் புடுங்கு முதல்ல! இன்டர்நெட்டையும் நிறுத்து. எந்த மெஷின்ல செருகித் தொலைச்சே?"

சொன்னேன். இருப்பதே ஒரு மெஷின்தான். அதில்தான் அப்பாவின் பென்ஷன் கணக்கு, என் பாங்க் கணக்கு, நான் பி.காம். படித்த பாவத்துக்கு இரண்டு கடைக்காரர்களுக்குப் பார்த்துக் கொடுக்கிற ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சாயந்திரம் அட்டையை எடுத்துட்டு வா. அதுவரைக்கும் கம்ப்யூட்டரைத் தொடாதே."

போனேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் திட்டினான். நல்லவன்.

விஷயம் இதுதான். யூ.எஸ்.பி.யில் எதைச் செருகினாலும் கம்ப்யூட்டர் அதைப் பார்த்து, "யாருப்பா நீ?" என்று கேட்கும். "நான் பென் டிரைவ்" என்றால் நம்பும். "நான் கீபோர்டு" என்றாலும் நம்பும். அடையாள அட்டை கேட்கிற வழக்கமே கிடையாது. 1996-ல் யூ.எஸ்.பி. வந்தபோது, யாரும் எதையும் சிரமமில்லாமல் செருகலாம் என்பதுதான் அதன் பெருமையே. ஆகவே பார்க்கப் பென் டிரைவாக இருப்பது, உள்ளுக்குள் "நான் கீபோர்டும்கூட" என்று சொல்லிக்கொண்டு, நம் விரல்கள் அடிப்பது போலவே கட்டளைகளை அடித்துத் தள்ளலாம். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அடித்தது நாம்தான்.

"என்கிட்டே ஆன்டிவைரஸ் இருக்கேடா. காசு கொடுத்து வாங்கினது!"

"அது ஃபைலைத்தான் பார்க்கும். இது ஃபர்ம்வேர்."

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பென் டிரைவ் ஒரு கோடவுன். நாம் போட்டு வைக்கும் ஃபைல்கள் சரக்கு. உள்ளே கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன சிப் இருக்கிறது, அதுதான் ஸ்டோர்கீப்பர். அந்த ஸ்டோர்கீப்பரின் மூளையில் இருக்கிற புரோகிராம்தான் ஃபர்ம்வேர். ஆன்டிவைரஸ் என்கிற ஆடிட்டர் வந்து ஸ்டாக் சரிபார்க்கிறார். யாரைக் கேட்டு? அதே ஸ்டோர்கீப்பரைக் கேட்டு! அவன் எடுத்துக் காட்டுகிற மூட்டையைத்தான் அவர் எண்ண முடியும். ஃபார்மட் பண்ணினால் சரக்கு காலியாகும். ஸ்டோர்கீப்பர் அப்படியே உட்கார்ந்திருப்பான்.

இதை ஊரறியச் செய்தவர்கள் பெர்லினைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற இரண்டு பேர். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில், சாதாரண பென் டிரைவின் ஃபர்ம்வேரையே மாற்றி எழுதி, அதைக் கீபோர்டாக நடிக்க வைத்துக் காட்டினார்கள். 'பேட் யூ.எஸ்.பி.' என்று பெயர். அதை எப்படிச் செய்தார்கள் என்கிற புரோகிராமை மட்டும் வெளியிடவில்லை. சில வாரங்களிலேயே அமெரிக்கர்கள் இருவர் தாங்களாக ஆராய்ந்து செய்து, எல்லோருக்கும் பொதுவில் போட்டுவிட்டார்கள்!

மேடை வித்தையோடு நிற்கவுமில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்க எஃப்.பி.ஐ. ஓர் எச்சரிக்கை விட்டது. அங்குள்ள கம்பெனிகளுக்குத் தபாலில் அழகான பரிசுப் பெட்டி வருகிறது. நன்றிக் கடிதம், பரிசு கார்டு (போலி), கூடவே ஒரு யூ.எஸ்.பி. செருகினால் கீபோர்டாகி, திருட்டு புரோகிராமை இறக்கிவிடும். அனுப்பியது ஃபின்7 என்கிற கொள்ளைக் கும்பல்.

யார் செருகுவார்கள் என்கிறீர்களா? இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் 297 பென் டிரைவ்களை வேண்டுமென்றே ஆங்காங்கே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். குறைந்தது 45 சதவிகிதத்தை எடுத்தவர்கள் செருகித் திறந்து பார்த்திருக்கிறார்கள். முதலாவது, போட்ட ஆறே நிமிஷத்தில்! (நான் அங்கே இருந்திருந்தால் ஐந்து நிமிஷம்.)

பயம் எதிர்ப்பக்கமும் ஓடும். 2018 ஜூனில் சிங்கப்பூரில் டிரம்ப்பும் கிம்மும் சந்தித்தபோது, நிருபர்களுக்கு யூ.எஸ்.பி.யில் ஓடும் குட்டி ஃபேன் கொடுத்தார்கள். "ஐயோ, செருகாதே!" என்று ஒரே அலறல். கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் ஒருவர் அதில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் போகிற இணைப்பு மட்டும்தான். பாவம், அது நிஜமாகவே ஃபேன்.

என் அட்டை?

கடையின் மூலையில் ஆயுளை முடித்துக்கொண்ட ஒரு கம்ப்யூட்டர். அதில் டேட்டா இல்லை, இன்டர்நெட் இல்லை. செருகினான். 'புதிய கீபோர்டு' என்றது. அதே பெட்டி, அதே முகவரி. நாலு தடவை செருகினான். நாலு தடவையும் அதேதான்.

"வெப்கீன்னு பேரு. விளம்பரத்துக்காகவே விக்கிறாங்க. அநேகமா ஒண்ணுமில்லை."

"அநேகமாவா?"

"இன்னிக்கு இதை அடிக்குது. பத்து நாள் கழிச்சு வேற எதையாவது அடிக்காதுன்னு வெளியிலிருந்து பார்த்து எவனாலும் சொல்ல முடியாது."

அந்த 'அநேகமா' என்னை ராத்திரி தூங்க விடவில்லை. என் பணமென்றால் பரவாயில்லை, அது ரொம்பக் குறைச்சல். அடுத்தவர் கணக்கு! மறுநாள் என் மனைவியின் போனிலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து விண்டோஸைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். கடைக்காரர்கள் இருவரிடமும் நடந்ததைச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் கணக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அவரைத் தப்பு சொல்ல மாட்டேன்.

இப்போது என் வீட்டுச் சட்டம் வேறு. தினசரி வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு கிடையாது. அதில் இருந்தால் "அனுமதிக்கலாமா?" என்று விண்டோஸ் கேட்கும்போது, பேய் டைப்பிஸ்ட்டே "சரி" என்று அடித்துவிடுவான். சாதாரணக் கணக்கென்றால் பாஸ்வேர்டு கேட்கும், அவனுக்குத் தெரியாது. அதற்காக முழுப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். என் கணக்கில் நான் செய்யக் கூடியதை அவனும் செய்யலாம்.

ஆபீஸ்காரர்கள், பதிவு செய்த சாதனத்தைத் தவிர வேறு எதையும் சேர்க்காதே என்று விண்டோஸிலேயே பூட்டச் சொல்லி உங்கள் சிஸ்டம் ஆளை நச்சரிக்கலாம். லினக்ஸில் யூ.எஸ்.பி. கார்டு என்று இலவசக் காவலாளி உண்டு. புதிய ஆப்பிள் லேப்டாப்கள் 2022-லிருந்து, புதிதாக ஏதாவது செருகினால் "சேர்க்கட்டுமா?" என்று கேட்கின்றன. எதுவுமில்லையென்றால், ஓசியில் வந்ததைச் செருகாதீர்கள். என்னால் முடியாமல் போன ஒரே யோசனை அதுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் சாதாரண வைரஸ் ஒட்டிக்கொண்டு வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஃபர்ம்வேர் திருடன் அபூர்வம். எல்லா சிப்பையும் மாற்றி எழுதவும் முடியாது. ஆனால் அதையும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதே!

போன வாரம் மைத்துனன் வந்தான். சட்டைப் பையிலிருந்து பளபளவென்று ஒரு பென் டிரைவை எடுத்தான்.

"மாமா, குழந்தை காதுகுத்து போட்டோ. எல்லாரும் உங்க பெரிய ஸ்கிரீன்ல பார்க்கலாம்."

"வாட்ஸ்அப்பில் அனுப்பிடேன் மாப்ளே..."

"எட்டு ஜி.பி. மாமா!"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டி.

மறுநாள் காலை ரிச்சி ஸ்ட்ரீட் மூலைக் கம்ப்யூட்டரில், அந்த மங்கலான திரையில், குழந்தையின் காதுகுத்தை நானும் என் தோழனும் பார்த்தோம். முன்னூற்று எழுபது போட்டோ. குழந்தை எல்லாவற்றிலும் அழுதுகொண்டிருந்தது.