நல்ல சேனலில் குறைவாகப் பேசு: ஜாமரும் ஆட்டக் கோட்பாடும்

போட்டித் தேர்வுத் தேதி நெருங்குகிறது. பெங்களூரு சிவாஜிநகர் வாசகர்கள் பலரும் ஒரே சந்தேகத்தை எழுதியிருக்கிறார்கள்: தேர்வு மையத்தில் மொபைல் சிக்னலை அடைக்கும் ஜாமர் வைத்தால் ரசல் மார்க்கெட் கடைகளில் யூபிஐ வேலை செய்யாதா? ‘வளாகத்துக்குள் மட்டும்தான் பாதிப்பு’ என்பது வழக்கமான அதிகாரப்பூர்வ பதில். ரேடியோ அலை காம்பவுண்டுச் சுவரோடு நிற்பதில்லை. பரப்பன அக்ரஹாரா சிறையைச் சுற்றி வசிப்பவர்கள் போன் எடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பப் புகார் சொல்லியிருக்கிறார்கள்.

ஜாமருக்கும் தகவல் அனுப்புபவருக்கும் நடப்பது ஒரு ஆட்டம். ஒருவர் வென்றால் மற்றவர் தோற்கும் இந்த வகை ஆட்டத்துக்கு 1928-லேயே ஜான் வான் நியூமன் கணக்கு எழுதிவிட்டார். இரண்டு சேனல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல சேனலில் வினாடிக்கு 2 செய்திகள் போகும், சுமாரானதில் 1. ஜாமர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அடைக்கும். அடைபட்டதில் எதுவும் போகாது.

நல்ல சேனலை அதிகம் பயன்படுத்தத்தான் யாருக்கும் தோன்றும். மூன்றில் இரண்டு பங்கு நேரம் அதிலேயே இருந்தால், ஜாமர் அதையே விடாமல் அடைக்கும். கையில் மிஞ்சுவது சராசரி 1/3 செய்தி. தலைகீழாக, நல்ல சேனலுக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் கொடுங்கள். ஜாமர் நல்லதை அடைத்தால் சுமாரானதிலிருந்து 2/3 வரும். சுமாரானதை அடைத்தால் நல்லதிலிருந்தும் அதே 2/3. எதை அடைத்தாலும் ஜாமருக்குக் கூடுதல் லாபமில்லை. ஆனால் எந்த நொடியில் எந்தச் சேனல் என்பது குலுக்கல் முறையில் வரவேண்டும். வரிசை எதிராளிக்குப் பிடிபட்டால் எல்லாம் போச்சு. வினாடிக்கு 1,600 முறை, 79 சேனல்களுக்கிடையே தாவும் புளூடூத் பிழைப்பதும் தாவித்தான்.

கர்நாடகத்தில் 545 எஸ்.ஐ. பணியிடங்களுக்கு 2021 அக்டோபரில் நடந்த தேர்வு ரத்தானதற்குக் காரணமான முறைகேட்டிலும் புளூடூத் உண்டு. அங்கே ஜாமர் அந்தத் தாவலைத் துரத்தத் தேவையில்லை. காதுக் கருவிக்குப் பதிலைக் கொண்டுவரும் போனை டவரிலிருந்து துண்டித்தால் போதும். அதற்காகத் தேர்வு ஜாமர் மொபைல் அலைவரிசைகள் முழுவதிலும் இரைச்சலைக் கொட்டுகிறது. ‘ஒரு நேரத்தில் ஒன்று’ என்ற விதியே அங்கே இல்லை. மோசடிக்காரர் தோற்கிறார், கூடவே பக்கத்துப் பழக்கடைக்காரரும் தோற்கிறார். அவருடைய நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கடைக்காரர் சொந்தமாக ஜாமர் வைக்கலாமா? கூடாது, தனியாருக்குத் தடை என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் மீண்டும் எச்சரித்தது.

தேர்வு மையத்தில் ஜாமர் வைக்க அனுமதி தருவது யார்? மத்திய அமைச்சரவைச் செயலகம்.

ரம்ஜான் மாலையில் மார்க்கெட்டில் நெட் இழுப்பது ஜாமராலா? பெரும்பாலும் கூட்டத்தால்.

வித்தியாசம் எப்படித் தெரியும்? எல்லா நிறுவன சிம்களும் ஒரே நேரத்தில் செத்து, தேர்வு முடிந்ததும் உயிர் பெற்றால் ஜாமரைச் சந்தேகியுங்கள். நேரத்தைக் குறித்துப் புகார் கொடுங்கள்.