ஒரே வரிசையில் நிற்க முடியாத குழந்தைகள்

இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டையோடு பிறந்த குழந்தை முதல் சில மாதங்களில் படாத பாடு படும். இரண்டு வாய் பால் குடிக்கும், மூச்சு வாங்கும், விட்டுவிடும். நெற்றி வியர்த்து நனைந்துவிடும். எடை ஏறாது. சளி, இருமல் என்று அடிக்கடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சைக்குத் தேதி வரும், காத்திருங்கள் என்று சொல்லியிருப்பார்கள். காத்திருப்பு நீண்டுபோன சில குழந்தைகளுக்கு ஒன்று, ஒன்றரை வயது வாக்கில் ஒரு மாற்றம் தெரியும். மூச்சு வாங்குவது குறையும். சளி பிடிப்பது நிற்கும். கன்னத்தில் கொஞ்சம் சதை போடும். “சாமி கண்ணத் தொறந்துட்டாரு, இனிமே ஆபரேஷன் எதுக்கு?” என்பார் பாட்டி. எக்கோ எடுத்துப் பார்க்கும் இதய மருத்துவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

காரணம் இதுதான். பிறந்த புதிதில் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுக்கமாக இருக்கும். அதனால் ஓட்டை இருந்தாலும் அதன் வழியாக ரத்தம் அதிகம் பாயாது. குழந்தை நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அந்தக் குழாய்கள் தளர்ந்து கொடுக்கும். உடனே இடது கீழறையில் இருக்கும் அழுத்தம் ரத்தத்தை ஓட்டை வழியாக நுரையீரலுக்குத் தள்ளும். நுரையீரல் நனைந்து கனக்கும். பால் குடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது இதனால்தான். இந்த வெள்ளம் மாதக்கணக்கில் பாய்ந்துகொண்டே இருந்தால் நுரையீரல் குழாய்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் சுவரைத் தடிப்பாக்கிக்கொள்ளும். வழி குறுகக் குறுக வெள்ளம் குறையும், மூச்சு சீராகும். குழந்தை தேறியதுபோல் தெரியும் அந்தக் காலத்தில், உண்மையில் நுரையீரல் கெட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அந்தத் தடிப்பு கரையாது. அப்புறம் ரத்தம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும், உதடு நீலம் பாயும். அந்த நிலையில் ஓட்டையை அடைத்தால் வலது கீழறைக்கு மூச்சுவிட இடமில்லாமல் போய் உயிருக்கே ஆபத்து. வியன்னாவைச் சேர்ந்த விக்டர் ஐசன்மெங்கர் 1897இல் எழுதிவைத்தது இப்படி வளர்ந்து 32 வயது வரை வாழ்ந்த ஒருவரைப் பற்றி. நோய்க்கு ஐசன்மெங்கரின் பெயரே நிலைத்துவிட்டது.

ஆகவே பெரிய ஓட்டையை ஆறு மாதத்துக்குள், தள்ளிப்போனாலும் ஒரு வயதுக்குள், மூடிவிட வேண்டும் என்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு அடிக்கடி வரும், மேலறையும் கீழறையும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும் குறைபாட்டில் கெடு இன்னும் குறைவு. நுரையீரல் குழாய்கள் சீக்கிரமே தடித்துவிடுவதால் இரண்டு மூன்று மாதத்திலேயே செய்துவிடச் சொல்கிறது இந்திய நிபுணர் குழுவின் வழிகாட்டுதல்.

இன்னொரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறிப் பிறந்திருக்கிறது. உடம்புக்குப் போன ரத்தம் உடம்புக்கே திரும்பிப் போகிறது, நுரையீரலுக்குப் போனது நுரையீரலுக்கே. பிராணவாயு நிறைந்த ரத்தம் உடம்பை எட்ட, கருவில் இருந்தபோது திறந்திருந்த சில சின்ன வழிகள் மட்டுமே உண்டு. அவையும் பிறந்த சில நாளில் மூடத் தொடங்கிவிடும். சிகிச்சையே கிடைக்காவிட்டால் இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதி முதல் மாதத்திலும், பத்தில் ஒன்பது முதல் வருடத்திலும் இறந்துபோகும். 1966இல் பிலடெல்பியாவில் வில்லியம் ராஷ்கைண்ட் சின்ன பலூனைக் குழாய் வழியே செலுத்தி மேலறைச் சுவரைக் கிழித்து வழி உண்டாக்கிக் காட்டினார். அது நேரம் வாங்கும் வேலை. 1975இல் பிரேசிலின் அடிப் ஜட்டேன் குழாய்களையே வெட்டி இடம் மாற்றித் தைத்தார். இன்று செய்வதும் அதுதான். ஆனால் இதற்கும் கெடு உண்டு. இடது கீழறை நுரையீரலின் குறைந்த அழுத்தத்துக்கே பழகி, சில வாரத்தில் சதை மெலிந்துவிடும். பிறகு முழு உடம்புக்கும் ரத்தம் தள்ளும் பலம் அதற்கு இருக்காது. பிறந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்வதே உத்தமம்.

மேலறைகளுக்கு நடுவே மட்டும் ஓட்டை உள்ள மூன்றாவது குழந்தை ஓடியாடி விளையாடும். அதற்கு இரண்டு மூன்று வயது வரை பொறுக்கலாம். பல நேரங்களில் நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகவே ஒரு கருவியை அனுப்பி அடைத்துவிடுகிறார்கள். கீழறைச் சுவரின் சின்ன ஓட்டைகளில் பல தாமாகவே மூடிக்கொள்ளும்; அந்தக் குழந்தைகள் எந்தப் பட்டியலிலும் இருக்கக் கூடாது.

இந்த மூன்று குழந்தைகளையும் பதிவு செய்த தேதிப்படி ரேஷன் கடை வரிசையில் நிறுத்தினால் என்ன ஆகும்? முன்னால் வந்தவருக்கு முன்னால் என்பது சர்க்கரை வாங்குவதற்கு நியாயமான ஏற்பாடு. இங்கே அது கொலை பாதகமாகிவிடும். ஒரு குழந்தைக்கு மூன்று வாரம், இன்னொன்றுக்கு ஆறு மாதம், மூன்றாவதற்கு மூன்று வருடம். ஒரே பட்டியலில் இவர்களைச் சேர்த்துப் போட்டு ‘சராசரி காத்திருப்பு இத்தனை நாள்’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

அந்தச் சராசரியில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைகளின் காத்திருப்பு நாட்களைத்தான் வழக்கமாகக் கூட்டி வகுக்கிறார்கள். காத்திருக்கும்போதே இறந்த குழந்தையும், காலம் கடந்து அறுவைக்குத் தகுதியில்லாமல் போன குழந்தையும் கணக்கில் வராமலே பட்டியலை விட்டு வெளியேறிவிடுகிறார்கள். குழாய் இடம் மாறிப் பிறந்த குழந்தைகளில் பலர் பட்டியலுக்கே வந்து சேர்வதில்லை. ஆகவே ஒரு மாவட்டத்தின் காத்திருப்புப் பட்டியல் குட்டையாக இருந்தால் அங்கே சிகிச்சை நன்றாக நடக்கிறது என்றும் கொள்ளலாம், அங்கே யாரும் கண்டுபிடிக்கவே இல்லை என்றும் கொள்ளலாம். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கண்டுபிடிப்பதற்கு முன்பு கழிகிற நாட்களை யாரும் காத்திருப்பு என்று எண்ணுவதில்லை. என் பார்வையில் பெரிய இழப்பு நடப்பது அங்கேதான். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த ஆக்ஸிமீட்டர் கருவியின் பச்சைக் குழந்தைகளுக்கான வடிவம் சீக்கிரம் கண்டுபிடிக்கப் போதும். பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் அளக்க வேண்டும். 90க்குக் கீழே இருந்தால் உடனே எக்கோ. இரண்டிலும் 95க்குக் குறையாமல் இருந்து, கைக்கும் காலுக்கும் வித்தியாசம் 3க்கு மேல் போகாமல் இருந்தால் சரி. இடைப்பட்டதென்றால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2011இல் இதைப் பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனைப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். இது எல்லாவற்றையும் பிடிக்காது. கீழறை ஓட்டை இதில் சிக்காது, ஏனென்றால் அந்தக் குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு குறைவதில்லை. அதற்கு ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும்போது மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிற மருத்துவர் வேண்டும், பால் குடிக்கையில் வியர்க்கிறதா என்று தாயிடம் கேட்கிற செவிலியர் வேண்டும்.

கருவிலேயே பார்த்துவிட முடியாதா? முடியும், ஐந்தாம் மாத ஸ்கேனில். அங்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நான்கு அறைகளும் தெரிகிற கோணத்தோடு நிறுத்திக்கொண்டால், குழாய் இடம் மாறிய இதயம் பெரும்பாலும் சாதாரண இதயம்போலவே காட்சி தரும். இரண்டு குழாய்களும் எங்கிருந்து புறப்படுகின்றன என்று கூடுதலாக ஒரு கோணத்தில் பார்க்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் பிரசவத்தையே இதய சிகிச்சை வசதியுள்ள ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கண்டுபிடித்த பின்பும் இரண்டு சொற்றொடர்கள் நாட்களைத் தின்னும். “கொஞ்சம் வெயிட் ஏறட்டும்” என்பது ஒன்று. பெரிய ஓட்டையோடு மூச்சு வாங்கும் குழந்தை குடிக்கிற பாலையெல்லாம் மூச்சு விடுவதற்கே செலவழிக்கிறது. அதற்கு எடை ஏற வேண்டுமானால் ஓட்டையை மூட வேண்டும். தேர்ந்த மையங்களில் இப்போது எடைக்காகக் காத்திருப்பது குறைந்துவிட்டது. ஆனால் ஊர்ப்பக்கம் இந்த அறிவுரை இன்னும் சொல்லப்படுகிறது. இன்னொன்று, “சளி இருக்கு, தேதியைத் தள்ளிப் போடுவோம்” என்பது. இதில் நியாயம் உண்டு. நுரையீரலில் கிருமித்தொற்று இருக்கும்போது இதய-நுரையீரல் இயந்திரத்தில் போடுவது ஆபத்து. ஆனால் சளி ஓயாமல் பிடிப்பதே ஓட்டையால்தான். தள்ளிப்போன தேதிக்குள் அடுத்த சளி வந்துவிடும்.

வரிசை ஏன் நகரவில்லை என்று கேட்டால் அறுவை நிபுணர் போதவில்லை என்பார்கள். பாதி உண்மை. பல இடங்களில் முடிச்சு இருப்பது அடுத்த அறையில், தீவிர சிகிச்சைப் பிரிவில். பைபாஸ் செய்துகொண்ட பெரியவர் இரண்டு மூன்று நாளில் அந்தப் படுக்கையைக் காலி செய்துவிடுவார். குழாய் மாற்றித் தைத்த பச்சைக் குழந்தை ஒரு வாரம், இரண்டு வாரம்கூட இருக்கும், இரவும் பகலும் பக்கத்திலேயே ஒரு செவிலியரோடு. மூன்று கிலோ உடம்பில் மருந்தளவு சொட்டுக்கணக்கில் மாறும்போது கவனிக்கத் தெரிந்த செவிலியரை உருவாக்க வருடங்கள் ஆகும். அவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டால் படுக்கை இருந்தும் இல்லாததுதான். காப்பீட்டில் கிடைக்கிற தொகையோ நிர்ணயிக்கப்பட்ட ஒன்று. குழந்தை நான்கு நாளில் போனாலும் நாற்பது நாள் கிடந்தாலும் பெரிய மாற்றமில்லை. சிக்கலான சிசுவை ஏற்பதற்கு எந்த மருத்துவமனைக்கு ஆசை வரும்?

இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இதயக் குறைபாட்டோடு பிறக்கின்றன என்பது மருத்துவ இதழ்களில் நிலைத்துவிட்ட மதிப்பீடு. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு முதல் வருடத்திலேயே சிகிச்சை தேவைப்படும். அதே கணக்கைத் தமிழ்நாட்டின் சுமார் 9 லட்சம் பிறப்புகளுக்குப் போட்டால் ஆண்டுக்கு 8,000 குழந்தைகள், அதில் ஏறத்தாழ 1,600 பேர் முதல் பிறந்தநாளுக்குள் மேசைக்கு வர வேண்டியவர்கள். மாதம் நூறு பேர் வந்து தொண்ணூறு பேருக்குத்தான் சிகிச்சை நடக்கிறதென்றால் மாதாமாதம் பத்துப் பேர் சேர்ந்துகொண்டே போவார்கள். இந்த நிலையில் வருடத்துக்கு ஒருமுறை இலவச அறுவை சிகிச்சை முகாம் நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொள்வதால் முகாமில் சிகிச்சை கிடைத்த குடும்பங்களுக்கு நல்லது, வரிசைக்கு ஒன்றும் ஆகாது.

கேரளத்தில் சிசு மரணம் ஆயிரத்துக்கு 12 என்ற அளவிலேயே பல வருடம் நின்றிருந்தது. தொற்று, வயிற்றுப்போக்கு போன்றவை குறைந்த பிறகு மிஞ்சிய காரணங்களில் இதயக் குறைபாடு பெரிதாகத் தெரிந்தது. 2017இல் ‘ஹ்ருத்யம்’ திட்டம் வந்தது. மாநிலத்தில் எந்த மூலையில் பிறந்த குழந்தையானாலும் ஒரே இணையப் பதிவேட்டில் சேர்க்கலாம். குழந்தை இதய நிபுணர்கள் எக்கோவைப் பார்த்து அவசரத்தின்படி வகை பிரிக்கிறார்கள். அரசு, தனியார் என்று பார்க்காமல் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இடம் இருக்கிற ஒன்றுக்கு அனுப்புகிறார்கள். சிகிச்சைக்குக் கட்டணமில்லை. 2020இல் அங்கே சிசு மரணம் 6. முழுப் பெருமையும் இந்தத் திட்டத்துக்கே என்று சொல்ல மாட்டேன், வேறு வேலைகளும் நடந்தன. ஆனால் தேதிப்படி நின்ற வரிசையைக் கலைத்துக் கெடுப்படி நிறுத்தியது இதுதான்.

அதே 2020இல் தமிழ்நாட்டின் எண் 13. கேரளம் முன்பு நின்ற இடத்துக்குப் பக்கத்தில். இங்கே காப்பீடு இருக்கிறது, 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் போகின்றன. ஆனால் பள்ளிக்கு வரும் வயதில் கண்டுபிடிக்கப்படுகிற குழந்தை, பெரும்பாலும் பொறுத்திருக்கக் கூடிய குறைபாடு உள்ள குழந்தை. பொறுக்க முடியாதவர்களைத் தேட வேண்டிய இடம் பிரசவ வார்டு.

அரசு ஒரு புள்ளிவிவரத்தை வெளியிடுவதாக இருந்தால் சராசரி நாட்கள் வேண்டாம். தத்தம் கெடுவுக்குள் சிகிச்சை கிடைத்தவர்கள் எத்தனை பேர், கெடு தாண்டியவர்கள் எத்தனை பேர், பட்டியலில் இருந்தபடியே இறந்தவர்களும் அறுவைக்கு அப்பால் போனவர்களும் எத்தனை பேர் என்று மாவட்டவாரியாக மூன்று எண்கள் போதும். மூன்றாவது எண்ணைப் போட எந்தத் துறைக்கும் கை வராது. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.