சூடு பார்த்து அளக்கும் ஆயில்

என்ஜின் ஆயிலைப் பார்ப்பதுபோல வண்டியை அணைத்துவிட்டுக் குச்சியை உருவினால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் பெரும்பாலும் தவறான அளவுதான் கிடைக்கும். என்ஜின் ஓடும்போது பம்ப் ஆயிலை டார்க் கன்வர்ட்டருக்கும் வால்வுப் பாதைகளுக்கும் ஏற்றுகிறது. அணைத்ததும் ஒரு பகுதி கீழே வடிந்து, மட்டம் உயர்ந்து காட்டும். சூடும் கணக்கைக் கலைக்கும், ஓடிச் சூடேறிய ஆயில் விரிந்திருக்கும். அதனால்தான் பல வண்டிகளில் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, என்ஜின் ஓடும்போதே அளக்கச் சொல்கிறார்கள். ஹோண்டாவின் பல மாடல்கள் விலக்கு; அங்கே சூடேற்றியபின் அணைத்து அளக்க வேண்டும். ஆகவே கையேட்டைப் பார்க்காமல் குச்சியைத் தொடாதீர்கள்.

கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் என்ன என்பார்கள். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலை நுரைக்க வைக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது, கிளட்ச் தகடுகள் வழுக்கும். குறைந்தாலும் பம்ப் காற்றை இழுத்து அதே கதிதான். இந்த ஆயில் எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அதைத் தேடாமல் ஊற்றுவது வீண். புது வண்டிகளில் குச்சியே இல்லையே, ஆயுளுக்கும் போதும் என்கிறார்களே என்பது வலுவான கேள்வி. ஆனால் கியர்பாக்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. குச்சி இல்லாதவற்றிலும் மட்டம் பார்க்கலாம்: குறித்த வெப்பநிலையில், பலவற்றில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி, அளவு மூடியைத் திறந்தால் ஆயில் மெல்ல வழிய வேண்டும். லிஃப்டும் ஸ்கேனரும் தேவைப்படுவதால் அது பட்டறைக்காரர் வேலை.