பெருந்தொற்றுக் காலத்தில் கர்ப்பிணியின் உளநலம்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார ஸ்தாபனம் கொவிட்-19 ஐப் பெருந்தொற்று என அறிவித்தது. அதே மாதம் இலங்கையில் ஊரடங்குச் சட்டம் அமுலானது. சுமார் 40 வாரங்கள் நீடிக்கும் கர்ப்பகாலத்தில் ஓமோன் மாற்றங்களால் மனநிலை மாறுவது இயல்பு. பெருந்தொற்று அதனுடன் உளநெருக்கீட்டையும் சேர்த்தது.

காரணங்கள்
• தனக்கும் சிசுவுக்கும் நோய் தொற்றும் என்ற அச்சம்
• கிளினிக் செல்வதில் ஏற்பட்ட தடைகள்
• குடும்ப வருமானம் குறைதல்
• பிரசவ வேளையில் உறவினர் அருகில் இருக்க முடியாமை

விளைவுகள்
உளநெருக்கீடு நீடித்தால் கோட்டிசோல் ஓமோன் கூடுதலாகச் சுரக்கும். நித்திரையும் பசியும் குறையும். கடுமையாயின் குறைமாதப் பிரசவம், குறைந்த பிறப்பு நிறை என்பவற்றுக்கான ஆபத்து அதிகரிக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை
உங்கள் வீட்டிலும் ஒரு கர்ப்பிணி இருக்கலாம். “யோசிக்காதீங்கோ” என்று சொல்லி நிறுத்தாமல் அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். துயரம் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம்.

கவனிக்க: “ஊரடங்கு” என்று மட்டும் விடையெழுத வேண்டாம்; அதனால் தாய்க்கு ஏற்பட்ட இடரையும் குறிப்பிடுக. உளநெருக்கீடு தாயின் பலவீனமன்று. உதவி தேவை என்பதன் அறிகுறியாகும்.