பொன்னும் பொன்போல்வனவும்

நீலகிரி மாவட்டத்தில், உதகமண்டலத்திற்குத் தென்மேற்கே, குந்தா நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கம் ஒன்றினை அடுத்து எமரால்டு என்னும் ஊர் அமைந்துள்ளது. எமரால்டு என்பது மரகதத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூருக்கு அப்பெயர் நன்கு பொருந்தும். ஆயினும் பெயரை நம்பி மணி தேடிச் செல்வார்க்கு அங்குக் கிடைப்பது கண்ணுக்கினிய பசுமையே. பொன்னோ எனின், அம்மாவட்டத்தின் மேலைப் பகுதியில் மெய்யாகவே உண்டு.

பந்தலூர், தேவாலா ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மலைகளில் வெண்ணிறப் படிகக்கல் பாறைகளினூடே பொன் இழையோடுகின்றது. முற்காலத்தில் அங்கு வாழ்ந்தோர் ஓடைமணலை மரத்தட்டிலிட்டு அரித்துப் பொற்றுகள் சேர்த்தனர். ஆஸ்திரேலியாவில் சுரங்கத்துறையில் பழகிய பிரஃப் ஸ்மித் என்பார் அப்பகுதியை ஆராய்ந்து 1880ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தார். அதனையொட்டி இலண்டன் மாநகரில் முப்பதுக்கு மேற்பட்ட குழுமங்கள் தோன்றின, பங்குகள் விலையேறின, மலைகள் குடையப்பட்டன. செலவிட்ட பொருளுக்கு ஈடாகப் பொன் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுள் குழுமங்கள் மறைந்தன. சுரங்கங்கள் மட்டும் எஞ்சின. பிற்காலத்தில் அவற்றினுள் களவாகப் பொன் தேடப் புகுந்து மண் சரிந்து மாண்டவரும் உளர்.

மண்ணுக்குள் மறைந்த உலோகத்தைக் கண்டறியக் கருவி ஒன்று உண்டு. அதிலுள்ள கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாயுங்கால் அதனைச் சூழ்ந்து மாறும் காந்தப்புலம் தோன்றும். அப்புலத்துள் அகப்படும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும். அம்மின்னோட்டத்தின் விளைவைக் கருவி உணர்ந்து ஒலிக்கும். 1881இல் அமெரிக்க நாட்டுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபொழுது, அவர் உடலில் தங்கிய குண்டினைத் தேடக் கிரகாம் பெல் இத்தகைய கருவியையே கையாண்டார். முயற்சி பலிக்கவில்லை. தலைவர் படுத்திருந்த கட்டிலின் எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பின என்பர். கருவி, உலோகம் உண்டென்று சொல்லுமேயன்றி, இன்ன பொருளென்று திட்டமாகச் சொல்லாது.

நீலகிரி போன்ற இடங்களில் இக்குழப்பம் மிகுதி. இரும்புச் சத்து மிக்க செம்மண்ணும் செம்புறைக்கல்லுமே கருவியை ஒலிக்கச் செய்யும். தோண்டினால் குதிரை லாடம், துருப்பிடித்த ஆணி, தோட்டாவின் பித்தளை உறை, இரும்பு உருக்கிய கசடு ஆகியன வெளிப்படும். மண்ணைக் கிளறுங்கால் கண்ணை மயக்கும் கற்களும் பல. அப்பிரகத் தகடுகள் மணலில் மின்னும். அவற்றைக் காக்காய்ப்பொன் என்று நம் முன்னோர் பெயரிட்டது நயமுடைத்து. இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒருவகைக் கனிமம் அதனினும் பெரிய ஏமாற்றுக்காரன். பொன்னிறமும் பளபளப்பும் அதற்குண்டு. ஆனால் சுத்தியால் அடித்தால் அது நொறுங்கும். பொன்னோ தகடாக விரியும். மெருகிடாத வெண்பீங்கானில் தேய்த்தால் அது கருங்கோடு இடும். பொன் மஞ்சட்கோடே இடும். நிறையும் உண்மை உரைக்கும்: ஒரு கனசென்டிமீட்டர் பொன்னின் நிறை ஏறத்தாழ 19 கிராம், அக்கனிமத்தின் நிறை 5 கிராமே. பித்தளையைக் காட்டிக்கொடுப்பது உரைகல். அதிற்பதிந்த கோட்டின்மேல் வெடியுப்புத் திராவகம் இட்டால் பித்தளைக்கோடு கரையும்; பொற்கோடு நிலைக்கும்.

இச்சோதனைகளில் பொன்னன்று எனத் தள்ளப்படும் பொருள் பொன்னினும் அரியதாதலும் உண்டு. நீலகிரி மலைமுகடுகளில் பண்டையோர் வட்டமாகக் கல் அடுக்கி அமைத்த ஈமக்குவைகள் பல உள. நீலகிரியின் முதல் ஆணையராக விளங்கிய பிரீக்ஸ் என்னும் ஆங்கிலேயர் அவற்றுட் பலவற்றை அகழ்ந்து ஆராய்ந்தார். மட்கலங்கள், இரும்புக் கருவிகள், சிறுசிறு பொன்னணிகள், வெண்கலக் கிண்ணங்கள் முதலியன வெளிப்பட்டன. எருமை, குதிரை, வீரன் முதலிய உருவங்கள் மட்கலங்களின் மூடிகளில் அமைந்திருந்தன. பிரீக்ஸ் 1872இல் மறைந்தார்; அவர் எழுதிய நூல் 1873இல் வெளிவந்தது.

அவ்வெண்கலக் கிண்ணங்களுட் சில, பிற்கால ஆராய்ச்சியில் வியப்பளித்தன. பொதுவான வெண்கலத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் வெள்ளீயம் இருக்கும். இவற்றிலோ இருபதிற்கும் மேற்பட்ட பங்கு இருந்தது. இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் உலோகம் எளிதில் உடையும். ஆதலின், செந்நிறமாகக் காய்ச்சி, அந்நிலையிலேயே அடித்து மெல்லிதாக்கி, நீரில் தோய்த்துக் குளிர்வித்தனர் அக்கால வினைஞர். அங்ஙனம் செய்த கலம் தேய்க்கத் தேய்க்கப் பொன்போல் ஒளிவிடும். பன்னூற்றாண்டு மண்ணிற் கிடந்தமையால் பச்சைக் களிம்பேறிய அக்கிண்ணத்தைப் பொன் தேடுவோன் கண்டால் பழைய பாத்திரம் என்று விலைக்குப் போடுவான். அதனை உருக்கினால் சில ரூபாய் கிடைக்கலாம். செய்தவன் கைத்திறனை அறியும் வழி போய்விடும். எவ்வாழத்தில், எக்கலத்தின் அருகே கிடந்தது என்னும் செய்தி அழிந்தாலோ, பொருள் எஞ்சினும் அதன் காலத்தை உய்த்துணர்தல் அரிதாகும்.

இதன்பொருட்டே சட்டங்களும் எழுந்தன. 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடைய புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வாயிலாக அறிவித்தல் வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் இசைவின்றித் தோண்டுதல் குற்றமாகும்.

நீலகிரி ஈமக்குவைகளில் எடுத்த பொருள்கள் பல சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. பொருநையாற்றங்கரையில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த வெண்கலப் பொருள்களும் அங்கே உள. அவற்றுள்ளும் வெள்ளீயம் மிக்கன சில உண்டு.